வெயில் தாங்கும் பிள்ளை

செஞ்சிக் கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் என் பட்டறை. கீழே விதை, உரம், பூச்சிமருந்து. மேலே நான். படியேறி வருகிறவர்கள் முதலில் மருந்து வாடைக்குத் தும்முவார்கள், அப்புறம் என் வேலையைப் பார்த்துவிட்டு ஒரு படி பின்வாங்குவார்கள். இரண்டும் எனக்குப் பழகிப்போனவை.

நான் சிற்பி. சிற்பி என்றதும் உளியும் கல்லும்தான் நினைவுக்கு வரும். இந்த ஊரில் கல்லுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் நான் செய்வது சிலிக்கோனில். உயிர் இருப்பதுபோலவே இருக்கிற, ஆனால் உலகத்தில் எங்கேயும் பிறந்திருக்காத உடம்புகளைச் செய்கிறேன். அவற்றுக்கு மயிர்க்கால் உண்டு, பச்சை நரம்பு உண்டு, கழுத்து மடிப்பில் அழுக்குகூட உண்டு. இதைச் சொல்லும்போது என் குரலில் கர்வம் ஏறுவதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஏறத்தான் செய்யும். எங்கள் தெருவில் தலைமுறை தலைமுறையாக எல்லாப் பெண்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அங்கிருந்து சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தவள் நான் ஒருத்திதான். படிப்பு முடிந்ததும் சினிமாவுக்கு வெட்டுப்பட்ட தலையும் வெந்துபோன கையும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சிலிக்கோன் கைக்கு வந்தது அங்கேதான். மற்றவர் கேட்ட பிணங்களைச் செய்து அலுத்துப்போன பிறகு, எனக்கு வேண்டிய உயிர்களைச் செய்யலாம் என்று செஞ்சிக்குத் திரும்பினேன்.

அப்படிச் செய்ததில் ஒன்று மூன்று வருடம் இழுத்தது. ஒரு வயதுப் பெண்குழந்தை. பாறைமேல் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, வருகிறவர்களைப் பார்க்கிறது. முகம் நம் வீட்டுக் குழந்தையின் முகம். உப்பின கன்னம், ஈரமான கீழுதடு, அதில் விழலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு சொட்டு எச்சில். முகத்தைத் தாண்டிப் பின்னால் போகப் போகத்தான் இது வேறு பிறவி என்று தெரியும். காதுகள் பெரியவை, வெற்றிலைபோல மெல்லியவை, வெளிச்சத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியும். கண்ணோரத்தில் குறுக்கே மூடுகிற இன்னொரு இமை. தோளிலிருந்து முதுகு முழுக்க உடும்பின் செதில். கால்விரல்கள் நீண்டு வளைந்து பாறையை உடும்புப் பிடியாகவே பிடித்திருக்கும்.

காது உடம்புச் சூட்டை வெளியே தள்ள. செதில் தண்ணீரைக் காப்பாற்ற. இமை வெளிச்சத்தைத் தடுக்க. வெயில் இப்படியே ஏறிக்கொண்டு போய், மரபணுவை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் நம் ஊருக்கென்று ஒரு குழந்தையைச் செய்தால் இப்படித்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம். சித்திரையில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் கீழே இருக்கும் உரக்கடைக்காரர். மாடியை எனக்கு வாடகைக்கு விட்டவரும் அவர்தான். கடைத்தெருவில் பல தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். எதைப் பார்த்தாலும் விதை மூட்டையாகத்தான் அவருக்குத் தெரியும். களிமண்ணில் உருவம் திரண்டு வந்த நாளில் மேலே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது இன்னா ரகம்மா?” என்று கேட்டார்.

“வெயில் தாங்குற ரகம்ணா.”

“அப்டியா? நெல்லுல வறட்சி தாங்குறது வந்துடுச்சு, வெள்ளம் தாங்குறது வந்துடுச்சு. நீ பிள்ளையிலயே உட்டுட்ட.” படியில் பாதி இறங்கிவிட்டு நின்றார். “ஆனா ஒன்னு. ரகம் சரியில்லன்னா அடுத்த போகம் விதைய மாத்திடுவோம். பிள்ள சரியில்லன்னா இன்னா பண்ணுவாங்க?”

இதைவிட நல்ல கேள்வியைப் பெரிய பெரிய கலை விமர்சகர்கள்கூட என்னிடம் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான். ஏனென்றால் நானே சரியில்லாத ரகம்.

வெயில் தாங்காத பிள்ளை நான். பிறந்தபோது உடம்பெல்லாம் எண்ணெய்க் காகிதம் சுற்றியதுபோல ஒரு சவ்வு இருந்ததாம். அது உரிந்ததும் அடியில் செதில். இன்றைக்கும் முதுகிலும் காலிலும் கைகளிலும் இருக்கிறது. குளித்துவிட்டு எண்ணெய் தடவாவிட்டால் உதிரும். என் உடம்பில் வேர்வை சரியாக வெளியே வராது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், உள்ளே சூடு ஏறி மயக்கம் வந்துவிடும். ஊரில் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னை வயிற்றில் சுமந்தபோது அம்மா களையெடுக்கப் போன இடத்தில் ஒரு பாம்பை அரிவாளால் வெட்டினாளாம். பாம்பு சாபம். இதை முதலில் சொன்னவள் என் அத்தை, நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பாவின் அக்கா. சொன்னதோடு நிற்காமல் சுற்றியிருக்கிற நாலு ஊருக்கும் பரப்பினாள்.

எனக்குப் பத்து வயதானபோது புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்து விளக்கினார். உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று உள்ளே எழுதியிருக்கும், அதில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வரும், இவளுக்கு இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் எழுத்து பிசகியிருக்கிறது, சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இப்படி அமைய வாய்ப்பு அதிகம் என்றார். நைனா அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப பாம்பு இல்லியா டாக்டர்?”

“பாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்தாள். பத்து வருடம் அந்தப் பாம்பை அவள் சுமந்திருக்கிறாள். எனக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். அந்தப் பிசகின எழுத்து அத்தையின் ரத்தத்திலும் இருக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்ட அன்றைக்கே நேரே போய் அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் அப்படி.

எங்கள் ஊர் தொண்டூர்ப் பக்கம். அங்கே பாறைச் சரிவுக்கு அடியில் அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. நடவு நாட்களில் அம்மா என்னை அந்தக் கல்லில்தான் படுக்கவைப்பாள். வெளியே அனல் அடிக்கும்போதும் கல் சில்லென்று இருக்கும். ஈரத்துணியை மேலே போர்த்திவிட்டு வயலுக்கு ஓடுவாள், துணி காய்வதற்குள் குடத்தோடு திரும்பி வருவாள். ஆசையைத் துறந்தவர்கள் படுத்த இடத்தில் பாலுக்கு அழுதுகொண்டு கிடந்தவள் நான். ஒவ்வொரு தடவை வந்துபோவதற்கும் அம்மா மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். வாங்கிக்கொண்டே வந்தாள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு அம்மாமேல் தீராத ஒரு குறை இருந்தது. அதற்குக் காரணம் ஒரு போட்டோ. செஞ்சியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பெஞ்சில் மூன்று குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறோம். அத்தையின் பிள்ளைகள் இருவரும், நடுவில் பத்து மாதக் குழந்தையாக நானும். அவர்கள் இரண்டு பேர் கன்னத்திலும் சுண்டைக்காய் அளவில் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு. என் கன்னத்தில் ஒன்றுமில்லை, உரிந்த தோல் மட்டும். நம் பக்கத்தில் பொட்டு வைக்காத குழந்தை உண்டா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் காக்கைக்கு மட்டும், இதற்கு யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று தோன்றியிருக்கிறது. இதை நான் அம்மாவிடம் கேட்டதில்லை. அந்தப் போட்டோவைப் பட்டறைச் சுவரில் மாட்டி, தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். கோபமும் ஒரு கருவிதான் என்று அப்போது நினைத்தேன்.

அம்மாவுக்கு என் வேலை பிடிக்காது. சினிமாவுக்குச் செய்த தலைகளைப் பார்த்து ஒருமுறை பயந்தவள், செஞ்சியிலும் மாடிக்கு ஏறமாட்டாள். ஊரிலிருந்து பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்து உரக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவளை மேலே ஏற்றியது சிலிக்கோன்தான். வெயில் தாங்கும் பிள்ளையை வெயிலில் வார்க்க முடியவில்லை. சிலிக்கோனின் இரண்டு பாகங்களைக் கலந்து, களிமண் உருவத்திலிருந்து எடுத்த அச்சில் ஊற்ற வேண்டும். சூடு அதிகமானால் ஊற்றும்போதே இறுகிவிடும். இரண்டு முறை பாதி அச்சில் கட்டிப்போய், உதவாத தயிர்போல நின்றது. மூன்றாவது முறை வாளியைக் குளிரவைக்க ஆள் தேவைப்பட்டது. வேறு யாரும் இல்லை. மாடியிலிருந்து கத்தினேன். அம்மா மேலே வந்தாள், ஐஸ்கட்டியையும் ஈரச்சாக்கையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வாளியைச் சுற்றிச் சாக்கைக் கட்டித் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். அந்த வேலை அவளுக்குப் பழசு. ஒரு பிள்ளையை அப்படி ஈரத்துணி போட்டு வளர்த்தவள்தானே.

அச்சைப் பிரித்து முகம் வெளியே வந்ததும், “அய்ய, பாப்பாடி” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அது பாப்பாதான். நான் வைத்திருந்த பெரிய தலைப்பையெல்லாம் அவள் சட்டை செய்யவில்லை.

பிறகு முடி நடுகிற வேலை. ஊசியின் காதை அறுத்துக் கவையாக்கி, அதில் ஒரு முடியை மாட்டிச் சிலிக்கோனில் குத்தி நடவேண்டும். ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில். சவுரிமுடிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த மெல்லிய முடியைப் பார்த்ததும் அம்மா முகம் சுளித்தாள். “கண்டவங்க முடியப் பிள்ள தலையில வெப்பியா?” மறுநாள், தலைவாரும்போது உதிர்ந்து மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த தன் முடியை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். அறுபது வயதில் நூல்போல மெலிந்து வெளுத்த முடி. குழந்தைக்கு நரைமுடியா என்று சண்டை போட்டேன். பிறகு யோசித்தால், வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும். என் கற்பனையைவிட அம்மாவின் பிடிவாதம் சரியாக இருந்தது.

நடவும் அவள்தான் செய்தாள். கை உறை மாட்டிக்கொண்டு, பிடரியில் ஆரம்பித்துப் பின்னுக்குப் பின்னாக, வயலில் நகர்வதுபோலவே முன்நெற்றிக்கு வந்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் தலையில் வரிசை வரிசையாகக் கோடு பிடித்தாற்போல முடி நிற்கிறது. வேளாண்மை ஆபீசர் கயிறு பிடித்துச் சொல்லிக்கொடுத்த வரிசை நடவு! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அம்மா, களையெடுக்க வழி உட்ருக்கியா?” என்று கேட்டேன். முறைத்தாள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டாள். இந்த முறை என் தலையை ஒருதரம் குனியவைத்துப் பார்த்துக்கொண்டாள். முடிந்ததும் பார்த்தேன். உச்சியில் இரட்டைச் சுழி. எனக்கும் இரட்டைச் சுழி.  அந்த இரண்டு சுழியின் ஒழுங்கைப் போல என் கையால் நடவே முடியாது. இதைச் சிற்பம் படித்தவர்கள் நிறைந்த சபையிலேயே சொல்லியிருக்கிறேன்.

பாப்பாவின் புகைப்படங்களைப் பார்த்துச் சென்னையில் ஒரு பெரிய கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். என் பெயரில் ஒரு தனி அறை. என் மூன்று வருடமும் அந்த அறையில்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, உரக்கடைக்காரர், “ஊரு ஜனம் பாக்காம மெட்ராஸ்காரன் மட்டும் பாக்கறதா?” என்று கடையைச் சாத்திவிட்டு, படியில் கயிறு கட்டி வரிசையே போட்டுவிட்டார்.

அப்படியொரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. காய்கறிக்காரர்கள், பஸ் டிரைவர்கள், மேல்சித்தாமூரிலிருந்து விதை வாங்க வந்த சமணக் குடும்பம் ஒன்று, டியூஷன் முடித்த பெண்பிள்ளைகள். “மூச்சு உடுதா?” என்று ஒருவர் கிட்டே குனிந்து கேட்டுப் பார்த்தார். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் கண்ணை முந்தானையால் மூடினாள், ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. ஒரு பெரியவர், “ஆனத்தல வெச்ச பிள்ளையாருக்குக் கொழுக்கட்ட படைக்கிறோம், இதுக்கு இன்னாத்துக்குப் பயம்?” என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். அம்மா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முடி நட்டது யாரென்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கூட்டம் வடிந்ததும் நான் கீழே போய்க் கடைக்காரரோடு கயிற்றை அவிழ்த்தேன். அம்மா துணியைப் போர்த்திவிட்டு இறங்கி வந்தாள்.

மறுநாள் காலையில் பெட்டியில் வைக்கத் துணியை எடுத்தேன். பாப்பாவின் இடது கன்னத்தில், சுண்டைக்காய் அளவில், கன்னங்கரேலென்று ஒரு திருஷ்டிப் பொட்டு.

விளக்குப் புகையையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வீட்டு மை. சிலிக்கோனுக்கு எண்ணெயும் புகையும் ஆகவே ஆகாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊறியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் ஒற்றினேன். மை போகவில்லை, பக்கத்தில் இருந்த கன்னச் சிவப்புதான் பஞ்சோடு வந்தது. ஏழெட்டுப் படலமாக நான் ஏற்றிய சிவப்பு அது. சரிசெய்ய ஒரு வாரமாவது வேண்டும். கையில் இருந்தது நாலு மணி நேரம். படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். கண்காட்சியை நடத்துகிற அம்மையார் உடனே கூப்பிட்டார்.

“தேர்வுக் குழு பாத்த படத்துல இது இல்லையே. எதிர்கால உடம்புல திடீர்னு ஒரு கறை. கறைய எடுத்துட்டு அனுப்புங்க. முடியலன்னா, அந்த அறைய வேற ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியிருக்கும்.”

அம்மா பத்து மணிக்குச் சாப்பாட்டோடு படியேறி வந்தாள். அவள் தூக்கைக் கீழே வைக்கக்கூட நான் விடவில்லை.

“யாரக் கேட்டு வெச்ச? கை ஒறை போடாம தொடக்கூடாதுன்னு எத்தினி தபா சொல்லியிருக்கேன்?”

“மை வெக்கிறதுக்கு எவடி கையில ஒறை மாட்டுவா?”

“மூணு வருஷ வேலைம்மா! போச்சு!”

“ஊரே வந்து பாத்துட்டுப் போச்சுடி. எத்தினி கண்ணு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. நீ கீழ எறங்கினதும் வெச்சேன்.”

அப்போது என் வாயிலிருந்து வந்தது சிலையைப் பற்றிய பேச்சே இல்லை. சுவரிலிருந்து போட்டோவைப் பிடுங்கி அவள் முன்னால் நீட்டினேன். “இந்த ரப்பர் பொம்மைக்கு வெக்கத் தெரியுது இல்ல? எனுக்கு வெச்சியா? ஒரு நாளாச்சும் வெச்சியா? அவங்க ரெண்டு பேருக்கும் இருக்குது, எனுக்கு எங்க?”

அம்மா போட்டோவை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“வெக்காமயா?” என்றாள். “கன்னத்துலதான் வெச்சிக்கினு இருந்தேன். உங்க அத்த ஒரு நாளு எல்லாரு எதிர்லயும், ‘இதுக்கு எவன் கண்ணு வெக்கப்போறான்னு பொட்டு வெக்கிற’ன்னு சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கன்னத்துல வெக்கல. ஒன்ன மடியில போட்டு உள்ளங்கால்ல வெப்பேன். யாரும் பாக்க மாட்டாங்க, சிரிக்க மாட்டாங்க. நீ நடக்க ஆரம்பிக்கிற மட்டும் தெனமும் வெச்சேன்டி. அதுக்கப்புறந்தான் அழிஞ்சி அழிஞ்சிப் போச்சு.”

போட்டோவில் என் கால் நீண்டிருந்தது. இடது உள்ளங்கால் காமிராவைப் பார்த்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. போட்டோ முழுக்கப் பூஞ்சை பிடித்து நிறையப் புள்ளிகள் உண்டு. முப்பது வருடமாக அதையும் பூஞ்சை என்றுதான் நினைத்திருக்கிறேன். முகத்தில் எதைத் தேடினேனோ அதைக் காலில் தேடத் தோன்றவில்லை. அது பூஞ்சையாகவே இருந்தாலும் எனக்கு இனிமேல் கவலையில்லை.

“இவளுக்கு இன்னாத்துக்கு ஒளிக்கணும்?” என்று அம்மா பாப்பாவைக் காட்டினாள். “ஒரு தபாவாவது கன்னத்துல வெக்கணும்னு இருந்துச்சு. வெச்சேன். தப்புன்னா திட்டிக்க.”

திட்டவில்லை. அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சென்னைக்குப் போன் செய்தேன். அந்த அறை போய்விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று எனக்கு ஒரு நிச்சயமும் இல்லை.

“மேடம், அது கறை இல்ல. அதை நான் எடுக்கமாட்டேன். ஜீனை வெட்டி ஒட்டி யார் வேணும்னாலும் ஒரு உடம்பைச் செய்யலாம். அந்த உடம்பு மேல ஊர்க்கண்ணு படக்கூடாதேன்னு பயப்பட ஒரு ஆள் வேணும். அப்பதான் அது மனுஷப்பிள்ளை. நான் மூணு வருஷமா முடிக்க முடியாததை எங்கம்மா நேத்து முடிச்சிட்டாங்க. இப்படியே எடுத்துக்கிட்டா எடுத்துக்கோங்க. இல்லன்னா பிள்ளை செஞ்சியிலயே இருக்கட்டும்.”

 “வண்டி வருது, அனுப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையார் போனை வைத்தார். கீழே உரக்கடைக்காரர் இதையெல்லாம் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார் என்பது, அவர் வண்டிக்காரரிடம், “பாத்துத் தூக்குப்பா, பச்சப்பிள்ள” என்று சொன்னபோதுதான் தெரிந்தது.

அறை என் பெயரிலேயே இருந்தது. சிலைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அட்டையில் எதனால் செய்தது என்று எழுத வேண்டும். சிலிக்கோன், கண்ணாடி இழை, அம்மாவின் தலைமுடி, விளக்கெண்ணெய் மை என்று எழுதிக் கொடுத்தேன். செய்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் போடச்சொன்னேன். போட்டார்கள்.

திறப்பு நாளில் மரபணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த ஒரு எழுத்தைத் திருத்த முடியும் என்றால் திருத்திக்கொள்வீர்களா? “சித்திரையில கேட்டா இப்பவே ஆரம்பிங்கன்னு சொல்வேன். ஐப்பசி மழையில கேட்டா யோசிப்பேன்” என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தத் தோலோடு வாழ்வது சிரமம்தான், அதை அழகென்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் தோலோடு பிறந்தவளுக்கும் கண் படும் என்று ஒருத்தி தினமும் பயந்திருக்கிறாள். அது தெரிந்தபிறகு கண்ணாடி முன்னால் நிற்பது எளிதாகிவிட்டது.

அம்மாவை இரண்டாம் நாள் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, குளிர்சாதன அறைக்குள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் குழம்பிக் கடைசியில் கழற்றிவிட்டு வந்தாள். பாப்பாவைச் சுற்றிப் படித்த கூட்டம் ஒன்று நின்றிருந்தது. அம்மா அவர்களை விலக்கிக்கொண்டு நேரே போய்க் கையை நீட்டினாள். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார்.

“ஆயா, கிட்ட போகாதீங்க. தொடக்கூடாது.”

“தொடக்கூடாதா?” அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பொட்டு வெச்சதே நான்தாம்பா!”

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அட்டையில் இருந்த அவள் பெயரைக் காவல்காரருக்குக் காட்டினேன். அவர் ஒருமுறை படித்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மா கன்னத்தருகே குனிந்து, பொட்டை விரலால் லேசாகத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“அழியலடி” என்றாள்.

“அழியாதும்மா. எதைப் போட்டுத் தொடைச்சாலும் அழியாது” என்றேன். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.